நல்ல பள்ளிக்கூடம் எது? பதாதைக்குப் பின்னால் உள்ள கணக்கு

இலங்கையில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறு வந்து இரண்டு நாள் போனால் போதும், மட்டக்களப்பு நகரத்துப் பள்ளிக்கூட மதில்கள் நிறம் மாறிவிடும். வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளைகளின் படங்கள், பக்கத்தில் புள்ளிகள், மேலே அதிபர், கீழே வகுப்பாசிரியர். கல்முனை, அக்கரைப்பற்று, எங்கு போனாலும் இதே காட்சிதான். அப்படி ஒரு பதாதையின் நிழலில் ஓட்டோவுக்கு நின்றபோது, பக்கத்தில் நின்ற தாய் ஒருவர் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றி இன்னொருவரிடம் சொன்னார்: "அங்க ஒண்டும் படிப்பிக்கிறல்ல கா. இந்த முறையும் ஒரு பிள்ளையும் பாஸ் இல்ல. மகன இங்க கொண்டுவந்து சேர்க்கத்தான் பாக்கிறன்."

அந்த மூன்று வசனத்துக்குள் பல நாடுகளின் கல்விக் கொள்கைக்காரர்கள் பல வருடமாகச் சண்டை பிடிக்கிற இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று யார், எதை வைத்துக் கேட்பது? இதற்குப் பெயர் பொறுப்புக்கூறல். ஒழுங்கில்லை என்றால் பிள்ளையை வேறு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகப் பெற்றோருக்கு வழி இருக்கிறதா? இதற்குப் பெயர் பாடசாலைத் தெரிவு. நாங்கள் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துப் பேசுகிறோம். போதாக்குறைக்கு, பரீட்சைப் பெறுபேறுதான் பள்ளிக்கூடத்தின் தரம் என்று யோசிக்காமலே எடுத்துக்கொள்கிறோம். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

## இரண்டு வயல்கள்

ஒருவர் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயலில் வேளாண்மை செய்கிறார். ஏக்கருக்கு 30 மூடை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவருக்கு மானாவாரிக் காணி. மழையைப் பார்த்து விதைத்து, இரவில் யானைக்குக் காவல் இருந்து 18 மூடை எடுக்கிறார். இருவரில் யார் திறமான வேளாண்மைக்காரர்?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் எந்தப் பெரியவரிடம் கேட்டாலும் உடனே பதில் சொல்லமாட்டார். எந்த வயற்கண்டம், தண்ணீர் எப்படி, என்ன மண் என்று திருப்பிக் கேட்பார். மூடைக் கணக்கில் காணியின் பங்கும் இருக்கிறது, மனிதரின் பங்கும் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். நெல் விஷயத்தில் இவ்வளவு நிதானமாக இருக்கிற நாங்கள்தான், பள்ளிக்கூடம் என்று வந்தால் மூடையை மட்டும் எண்ணிவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறோம்.

பிள்ளை பள்ளிக்கூட வாசலுக்கு வரும்போதே கொண்டுவருகிறவற்றை உள்ளீடு என்பார்கள். வீட்டில் வாசிக்க ஏதாவது இருக்கிறதா, தாய் தகப்பன் எதுவரை படித்தவர்கள், முன்பள்ளிக்குப் போனதா, காலையில் சாப்பிட்டதா, மாலையில் ரியூசனுக்குக் காசு இருக்கிறதா என்பதெல்லாம் இதில் அடங்கும். பரீட்சைப் புள்ளியில் இந்த உள்ளீட்டின் பங்கு மிகப் பெரியது. இதைப் பல நாடுகளில் திரும்பத் திரும்ப அளந்து பார்த்திருக்கிறார்கள். அப்படியிருக்க, தெரிந்தெடுத்த பிள்ளைகளைச் சேர்க்கிற பாடசாலையையும் வருகிற எல்லோரையும் சேர்க்கிற பாடசாலையையும் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக எழுதினால், அந்தப் பட்டியல் குளத்துத் தண்ணீரைத்தான் அளக்கிறது.

சுருக்கமாக: பெறுபேறு என்பது பிள்ளை கொண்டுவந்ததும் பள்ளிக்கூடம் சேர்த்ததும் கலந்த தொகை. பதாதையில் இருப்பது தொகை மட்டும்தான்.

## கிளினிக் பதிவேடு சொல்லித்தரும் பாடம்

அப்படியென்றால் பள்ளிக்கூடம் சேர்த்ததை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது? இதற்கான வழி எங்கள் வீட்டு அலுமாரிக்குள்ளேயே இருக்கிறது. கைக்குழந்தையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனால் குடும்பநல மாது நிறுத்துப் பார்த்து, வளர்ச்சிப் பதிவேட்டில் ஒரு புள்ளி வைப்பார். அந்த ஒற்றைப் புள்ளியை வைத்து அவர் எதையும் முடிவு செய்வதில்லை. போன மாதப் புள்ளியோடு இணைத்துக் கோடு மேலே போகிறதா, படுத்துவிட்டதா என்றுதான் பார்ப்பார். நிறை குறைவாகப் பிறந்த பிள்ளையின் கோடு நிமிர்ந்து ஏறினால் அவருக்குச் சந்தோசம். கொழுகொழு என்று பிறந்த பிள்ளையின் கோடு படுத்தால் கவலை.

பள்ளிக்கூடத்தையும் இப்படிப் பார்ப்பதற்கு வளர்ச்சி அளவீடு என்று பெயர். ஒரு பிள்ளை தொடங்கிய இடம், இப்போது நிற்கிற இடம், இதே இடத்தில் தொடங்கிய மற்றப் பிள்ளைகள் சராசரியாக நிற்கிற இடம், இந்த மூன்றையும் ஒப்பிடுவது. இங்கிலாந்தில் 1992 முதல் பாடசாலைகளின் வெறும் பெறுபேற்றுப் பட்டியல்களை அரசாங்கமே வெளியிட்டது. அது ஏழைப் பகுதிப் பாடசாலைகளுக்கு அநியாயம் என்ற வாதம் ஓயவே இல்லை. 2016இலிருந்து அங்கே ஆரம்பப் பாடசாலையை முடித்தபோது இருந்த நிலையோடு ஒப்பிட்டு இடைநிலைப் பாடசாலையை அளக்கும் முறை முக்கிய அளவீடாக வந்தது. அதுவும் குறையில்லாதது இல்லை. ஆனாலும் கேள்வியாவது சரியான கேள்வி.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். நகரத்தில் ஒரு பாடசாலை. தரம் 6இல் அங்கே சேர்கிற பிள்ளைகள் எல்லோரும் புலமைப்பரிசிலில் 200க்கு 150க்கு மேல் எடுத்தவர்கள். ஐந்து வருடம் கழித்து, தரம் 11இல் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் 100 பேருக்கு 92 பேர் சித்தி. இக்கரையிலோ அக்கரையிலோ இன்னொரு பாடசாலை. அங்கே சேர்ந்தவர்களில் பாதிப் பேர் 70ஐத் தாண்டவில்லை. 40 பேர் பரீட்சை எழுதி 24 பேர் சித்தி, அதாவது 60 வீதம். பதாதை அடிக்கிறவர் முதலாவது பாடசாலைக்குத்தான் அடிப்பார். நான் பிள்ளையை வைத்திருக்கிற தகப்பனாக யோசித்தால், 150 எடுத்த 8 பிள்ளைகள் சாதாரண தரத்தில் தவறியது எப்படி என்று முதலாவது அதிபரிடம் கேட்க விரும்புவேன். இரண்டாவது பாடசாலையின் கணித ஆசிரியரிடம், எப்படிச் செய்தீர்கள் என்று கேட்க விரும்புவேன்.

## அளவுகோல் வளையும்போது

பொறுப்புக்கூறலை மிகக் கடுமையாகச் செய்து பார்த்த நாடு அமெரிக்கா. அங்கே கல்வி மாநிலங்களின் கையில். புளோரிடா மாநிலம் 1999இல் பாடசாலைகளுக்கே மாணவர் அறிக்கை போல எழுத்துத் தரம் கொடுக்கத் தொடங்கியது. 2002 ஜனவரியில் ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட 'ஒரு பிள்ளையும் பின்தங்கக்கூடாது' என்ற சட்டம் நாடு முழுவதற்கும் இதை விரித்தது. தரம் 3 முதல் 8 வரை ஒவ்வொரு வருடமும் வாசிப்பிலும் கணிதத்திலும் பரீட்சை. 2014இல் எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். தொடர்ந்து இலக்கைத் தவறவிட்ட பாடசாலையிலிருந்து பிள்ளையை வேறு அரச பாடசாலைக்கு மாற்றப் பெற்றோருக்கு வழி விடப்பட்டது. பொறுப்புக்கூறலும் தெரிவும் கைகோத்தது இங்கேதான்.

நல்லதும் நடந்தது. சராசரிக்குள் மறைந்துகிடந்த ஏழைப் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள், விசேட தேவையுள்ள பிள்ளைகள் ஆகியோரின் புள்ளிகளைத் தனித்தனியாகக் காட்டவேண்டி வந்ததால், அதுவரை யாரும் கேட்காத கேள்விகள் கேட்கப்பட்டன. இதைச் சாதாரணமாக எடைபோடக் கூடாது.

ஆனால் தேர்ச்சிக் கோட்டை எங்கே கீறுவது என்பதை மாநிலங்களிடமே விட்டிருந்தார்கள். சில மாநிலங்கள் கோட்டையே கீழே இறக்கின. பரீட்சை இல்லாத பாடங்களின் நேரம் சுருங்கியது. கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிற பிள்ளைகளுக்கு மட்டும் விசேட வகுப்பு வைத்து, மிகவும் பின்தங்கியவர்களைக் கைவிட்ட பள்ளிக்கூடங்களும் உண்டு. அட்லாண்டா நகரத்தில் ஆசிரியர்களே பிள்ளைகளின் விடைத்தாள்களை அழித்துத் திருத்தியது விசாரணையில் வெளிவந்து, 2015இல் 11 கல்வியாளர்கள் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள். டொனால்ட் காம்பெல் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களிலேயே இதை எச்சரித்திருந்தார். ஓர் எண்ணை வைத்து மனிதர்களின் தலைவிதியைத் தீர்மானிக்கத் தொடங்கினால், அந்த எண்ணும் கெட்டுப்போகும், அது அளக்க வந்த வேலையும் கெட்டுப்போகும் என்பது அவர் சொன்னதன் சாரம். எல்லோரும் தேர்ச்சி என்ற இலக்கு 2014இல் எந்த மாநிலத்திலும் நிறைவேறவில்லை. 2015 டிசம்பரில் வேறு சட்டம் வந்து, அதிகாரத்தின் பெரும் பகுதி மாநிலங்களுக்குத் திரும்பியது.

எங்களுக்கு விடைத்தாளை அழிக்கவே தேவையில்லை. எங்களிடம் இதைவிட எளிய வழி இருக்கிறது. மேலே சொன்ன 40 பிள்ளைகளில் 10 பேரிடம், "நீ இந்த வருடம் எடுக்காதே, அடுத்த முறை பார்ப்போம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டால் போதும். 30 பேர் எழுதி அதே 24 பேர் சித்தி. 60 வீதம் 80 வீதமாகிவிட்டது. ஒரு பிள்ளையும் ஒரு சொல்லும் கூடுதலாகப் படிக்கவில்லை.

சுருக்கமாக: கேள்வி கேட்பது அவசியம். ஒரே ஓர் எண்ணை வைத்துக் கேட்டால், பதிலும் அந்த எண்ணைத் திருத்துவதாகவே வரும்.

## சப்பாத்து வவுச்சரும் பள்ளிக்கூட வவுச்சரும்

இனித் தெரிவு. அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்க வவுச்சர் கொடுக்கிறதே, அது எல்லோருக்கும் தெரியும். சப்பாத்தை அரசாங்கமே தைத்துத் தராமல், பெறுமதியை ஒரு தாளில் எழுதித் தருகிறது. கடையைப் பெற்றோர் தெரிவு செய்கிறார்கள். கல்வி வவுச்சரும் இதேதான்: ஒரு பிள்ளைக்கான கல்விச் செலவை அரசாங்கம் பிள்ளையின் பெயரில் கொடுக்க, பெற்றோர் தெரிவு செய்கிற பாடசாலைக்கு அந்தக் காசு போகிறது. விஸ்கொன்சின் மாநிலத்து மில்வோக்கி நகரம் 1990இல் வருமானம் குறைந்த குடும்பங்களுக்காக இதைத் தொடங்கியது. மினசோட்டா மாநிலம் 1991இல் இன்னொரு வழியைச் சட்டமாக்கியது. அரச காசில் நடக்கும், ஆனால் வழமையான நிர்வாகத்துக்கு வெளியே, ஓர் ஒப்பந்தத்தின் கீழ் இயங்கும் பள்ளிக்கூடங்கள். அவற்றைச் சாசனப் பாடசாலைகள் என்பார்கள்.

ஆதரிக்கிறவர்களின் வாதம் எளிமையானது. காசுள்ளவன் எப்படியும் நல்ல பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு வாங்குகிறான். ஏழைக்கும் அந்த வாய்ப்பைக் கொடுங்கள், போட்டி வந்தால் மோசமான பள்ளிக்கூடமும் திருந்தும் என்கிறார்கள். எதிர்க்கிறவர்கள், பொதுப் பாடசாலைக்கான காசும் முனைப்பான பெற்றோரும் போய்விடுவார்கள், மிச்சம் இருப்பவர்கள் இன்னும் கீழே போவார்கள் என்கிறார்கள். இரண்டிலும் உண்மை உண்டு.

ஆனால் சப்பாத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. கடைக்காரர் உங்கள் பிள்ளையின் காலைப் பார்த்து, "இந்தக் கால் எங்கள் கடைக்குச் சரிவராது" என்று திருப்பி அனுப்பமாட்டார். பள்ளிக்கூடம் அனுப்பும். அனுப்புவதற்குக் காரணமும் இருக்கிறது. சப்பாத்துக் கடையில் முன்னால் நின்றவர் யார் என்பதால் உங்கள் சப்பாத்து மாறாது. வகுப்பறையில் பக்கத்து வாங்கில் இருப்பவர் யார் என்பதால் உங்கள் பிள்ளையின் படிப்பு மாறும். ஆகவே பெற்றோர் தேடுவதில் பாதி, நல்ல ஆசிரியர்களை விட நல்ல சகமாணவர்களைத்தான். பாடசாலைக்கும் அது தெரியும்.

அதனால் ஒரு தெரிவுத் திட்டம் நல்லதா கெட்டதா என்று பார்க்க, நான் முதலில் தேடுவது ஒரே ஒரு விதியைத்தான்: இடத்தை விட விண்ணப்பம் கூடினால் யாரைச் சேர்ப்பது என்று யார் முடிவு செய்கிறார்? மில்வோக்கித் திட்டத்திலும் சாசனப் பாடசாலைகளிலும் குலுக்கல்தான் பொது விதி. சிலி நாட்டில் 1981இல் வவுச்சர் முறை நாடு முழுக்க வந்தபோது, தனியார் பாடசாலைகள் தாங்களே பிள்ளைகளைத் தெரிவு செய்யலாம் என்று விட்டார்கள். பிறகு மேலதிகக் கட்டணம் வாங்கவும் அனுமதித்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஒரு பக்கம், ஏழைப் பிள்ளைகள் மறுபக்கம் என்று பள்ளிக்கூடங்கள் பிரிந்துபோயின. மாணவர்கள் வருடக்கணக்கில் வீதியில் இறங்கிய பிறகு, 2015இல் பிள்ளைகளைத் தெரிவு செய்வதையும் அந்த மேலதிகக் கட்டணத்தையும் படிப்படியாக நிறுத்தும் சட்டம் வந்தது.

குலுக்கலில் இன்னொரு வசதியும் உண்டு. இடம் கிடைத்த பிள்ளைகளும் கிடைக்காத பிள்ளைகளும் ஒரே மாதிரி வீட்டிலிருந்து வந்தவர்கள், ஒரே குளத்துத் தண்ணீர். அதனால் பள்ளிக்கூடத்தின் பங்கைத் தனியாகப் பார்க்கலாம். அப்படிப் பார்த்ததில், பொஸ்டன் நகரத்துச் சாசனப் பாடசாலைகளில் இடம் கிடைத்தவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். லூசியானா மாநிலத்தில் வவுச்சரோடு தனியார் பாடசாலைக்குப் போனவர்களின் கணிதப் புள்ளிகள் ஆரம்ப வருடங்களில் இறங்கின. தெரிவு என்ற பெயர் ஒன்றுதான், உள்ளே இருக்கிற விதி வேறு, பள்ளிக்கூடம் வேறு.

## இங்கே யார் யாரைத் தெரிவு செய்கிறார்கள்?

எங்கள் நாட்டில் வவுச்சர் இல்லை, ஆகவே தெரிவும் இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். மூன்று இடங்களில் இருக்கிறது.

முதலாவது தரம் 1. பிரபல பாடசாலைகளில் இடத்தில் பாதி, பக்கத்தில் வசிக்கிறவர்களுக்கு. அதற்குக் காணி உறுதி, வாக்காளர் இடாப்பு என்று கட்டுக்கட்டாக ஆவணம். உங்கள் வீட்டுக்கும் அந்தப் பாடசாலைக்கும் நடுவில் பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு பாடசாலை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி வெட்டுவார்கள். கால்வாசி இடம் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு. அதாவது அப்பாவும் அம்மாவும் எங்கே படித்தார்கள் என்பது ஐந்து வயதுப் பிள்ளையின் தகுதியாகிறது. இலவசக் கல்வி உள்ள நாட்டில் இது எப்படிப் பொருந்துகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இரண்டாவது தரம் 6. இலவசக் கல்வியைக் கொண்டுவந்த கல்வி அமைச்சர் கன்னங்கராவின் காலத்தில் கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளை மத்திய கல்லூரிகளுக்குக் கொண்டுவர வைத்த புலமைப்பரிசில், இன்று பெரிய பாடசாலைகள் பிள்ளைகளைத் தெரிவு செய்கிற சல்லடையாகிவிட்டது. உதவிப்பணத்துக்கான வெட்டுப்புள்ளி வேறு, ஒவ்வொரு பாடசாலையிலும் சேர்வதற்கான வெட்டுப்புள்ளி வேறு என்பதைக்கூடப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். மூன்றாவது உயர்தரம், அதாவது தரம் 12, 13. விஞ்ஞானம், கணிதம் உட்பட எல்லாத் துறைகளும் உள்ளவை 1ஏபி என்ற வகைப் பாடசாலைகள் மட்டுமே. உங்கள் ஊரில் இருப்பது வகை 2 என்றால் தரம் 11ஓடு வாசல் முடிகிறது.

காசுள்ளவருக்கு இதற்கு வெளியேயும் ஒரு வழி இருக்கிறது. 1960, 1961 சட்டங்களால் பெரும்பாலான மிஷன் பாடசாலைகள் அரசிடம் வந்தன, புதிய தனியார் பாடசாலை தொடங்கும் வழி ஏறக்குறைய அடைபட்டது. திறந்த பொருளாதாரம் வந்த பிறகு, கம்பனிச் சட்டத்தின் கீழ் சர்வதேசப் பாடசாலைகள் முளைத்தன. அவை கல்வி அமைச்சின் நேரடிக் கட்டுப்பாட்டில் வருவதில்லை.

இதற்கெல்லாம் மேல் எங்கள் பக்கத்துக்கே உரிய எல்லைகள். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை, இந்தப் பக்கம் எழுவான்கரை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பிள்ளைக்கு வழி இலேசானது. அதற்கு முன் வாவியைக் கடக்க, 'பாதை' என்று நாங்கள் சொல்கிற படகை நம்பி நின்ற குடும்பத்துக்குத் தெரிவு என்ற சொல்லே படகு நேரத்தில்தான் முடிந்தது. கரையோரத்தில் கல்முனைப் பக்கம் பார்த்தால் கூப்பிடு தூரத்தில் நாலு பள்ளிக்கூடம் இருக்கும். ஒன்று தமிழ்ப் பாடசாலை, ஒன்று முஸ்லிம் பாடசாலை, ஒன்று பெண்களுக்கு மட்டும். நோன்பு காலத்தில் ஒன்று பூட்டியிருக்கும், மற்றது திறந்திருக்கும். வரைபடத்தில் நாலு, வீட்டுக்கு ஒன்று.

சுருக்கமாக: இங்கே தெரிவு நிறைய இருக்கிறது. பெரும்பாலும் தெரிவு செய்வது பள்ளிக்கூடம், தெரிவு செய்யப்படுவது பிள்ளை.

## மிஞ்சுகிற பள்ளிக்கூடம்

சல்லடையின் மேலே நின்றவர்களைப் பற்றித்தான் பதாதை. கீழே விழுந்த பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது?

ஆசிரியர் ஆளணி மாணவர் தொகையைப் பார்த்துத்தான் கணிக்கப்படுகிறது. ஐந்து பிள்ளைகள் நகரத்துக்குப் போனால் பெரிய மாற்றம் இல்லை. முப்பது பேர் போனால் ஓர் ஆசிரியர் இடம் குறையும். போனது கணித ஆசிரியர் என்றால், அடுத்த வருடம் கணிதத்துக்காகவே இன்னும் இருபது பேர் போவார்கள். முதலில் போவது வான் காசு கட்டக்கூடிய குடும்பம். பெற்றோர் கூட்டத்தில் எழும்பிக் கேள்வி கேட்கிற தகப்பனும் அந்தக் குடும்பத்தில்தான் இருப்பார். கேட்க ஆள் இல்லாத இடத்தில் பொறுப்புக்கூறலும் மெலிகிறது. தாய் சொன்ன "ஒண்டும் படிப்பிக்கிறல்ல" என்பது அப்போது மெல்ல மெல்ல உண்மையாகிறது. ஒவ்வொரு பெற்றோரும் தன் பிள்ளைக்குச் சரியானதைத்தான் செய்திருப்பார். யாரையும் குறைசொல்ல முடியாது. நானும் அப்படி வான் பிடித்து அனுப்பியவன்தான்.

## யாரிடம் போய்க் கேட்பது?

1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு பெரும்பாலான பாடசாலைகள் மாகாணத்தின் கீழ், தேசிய பாடசாலைகள் கொழும்பில் உள்ள அமைச்சின் கீழ். ஒரே வீதியில் இருக்கிற இரண்டு பள்ளிக்கூடத்துக்கு இரண்டு எசமான்கள். மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் மட்டும் மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, கல்குடா, பட்டிருப்பு என்று ஐந்து கல்வி வலயங்கள். பெறுபேறு வந்ததும் வலயத்தை வலயத்தோடு ஒப்பிட்டு யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு என்று பேசுவோம். நகரத்து வலயத்தையும் படுவான்கரை முழுக்கப் பரந்து கிடக்கும் மேற்கு வலயத்தையும் அப்படி நிறுத்துவது, அதே இரண்டு வயல் கணக்குத்தான்.

பல்கலைக்கழக அனுமதியில் அரசாங்கம் தொடக்க இடத்தைக் கணக்கில் எடுக்கிறது. பல கற்கைநெறிகளுக்கு 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு. ஆனால் மாவட்டத்தோடு கணக்கு நின்றுவிடுகிறது. நகரத்து ரியூசன் பிள்ளையும், கஷ்டப் பிரதேசப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் பௌதிகவியல் ஆசிரியர் இல்லாமல் படித்த பிள்ளையும் ஒரே மாவட்டக்காரர்கள்தான்.

பெற்றோருக்குக் கிட்டிய கதவு பாடசாலை அபிவிருத்திச் சங்கம். பல இடங்களில் அது மதில் கட்டவும் விளையாட்டுப் போட்டிக்குக் காசு சேர்க்கவும் கூடுகிற கூட்டமாகவே இருக்கிறது. அங்கே எழும்பிக் கேட்கச் சில கேள்விகள் உண்டு, எதற்கும் பெரிய அறிவு தேவையில்லை. ஐந்து வருடத்துக்கு முன் தரம் 6இல் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இந்த வருடம் சாதாரண தரம் எழுதினார்கள், எழுதாதவர்கள் எங்கே? கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் இந்த மூன்று வருடத்தில் எத்தனை மாதம் ஆசிரியர் இல்லை? தரம் 3இல் தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர், போன வருடம் எத்தனை பேர்?

ஓட்டோ வந்தபோது அந்தத் தாயிடம் இதில் ஒன்றைக்கூட நான் சொல்லவில்லை. தன் மகனுக்கு வெட்டுப்புள்ளிக்கு 4 புள்ளி குறைவு என்று மட்டும் அவர் சொல்லிவிட்டு, பிள்ளையின் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார்.